கோச் ஆவது தோல்வியா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் எல்லாரும் காபியும் வடையுமாக நின்றுகொண்டிருந்தோம். நம் சபையில் வளர்ந்த தம்பி ஒருவன் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்திருந்தான். பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு, இதை எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறான். இங்கே கல்லூரி அணியில் சாக்கர் ஆடியவன். பட்டமும் வாங்கினான். அதன்பின் இரண்டு வருடம் ஜெர்மனியில் ஐந்தாம் நிலை லீக்கில் ஒரு சிறிய ஊர் அணிக்கு ஆடினான். இப்போது இங்கே ஒரு சின்னக் கல்லூரியில் உதவிக் கோச்சாகச் சேர்ந்திருக்கிறான்.

அதைக் கேட்டதும் ஒரு ஆன்ட்டி, "ஐயோ பாவம், அங்க சரியா வரலியாப்பா?" என்றார்கள். பக்கத்தில் நின்ற அங்கிள், "போகட்டும் தம்பி, இனிமேலாவது படிச்ச படிப்புக்கு ஒரு வேலையைப் பாரு" என்றார். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர்கள். அவனும் சிரித்துக்கொண்டான். ஆனால் அவன் அம்மா கையிலிருந்த கப்பை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சமையலறைப் பக்கம் போய்விட்டார்கள்.

நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஆடியவன் கோச் ஆவதை நாம் இறக்கமாகப் பார்க்கிறோம். அது தவறு என்பது என் கருத்து. அந்தத் தவறு சாக்கரோடு நிற்காமல் நம் சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதும் என் கருத்து.

முதலில் ஒரு நிஜக் கதை. நம் வீடுகளிலிருந்து காரில் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் நடந்தது.

பால் கலிஜூரி என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். 1964-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். வால்நட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பிறகு யூ.சி.எல்.ஏ. அணிக்கு ஆடினார். 1985-ல் அந்த அணி தேசியக் கல்லூரிச் சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டத்தில் எட்டு முறை கூடுதல் நேரம் கொடுத்த பிறகுதான் ஒரே ஒரு கோல் விழுந்தது. அந்தப் பிள்ளைகளின் கால் என்ன பாடு பட்டிருக்கும் என்று நர்ஸாகிய எனக்கு நினைக்கவே வலிக்கிறது.

பட்டம் முடித்தவருக்கு இங்கே ஆடுவதற்கு இடமில்லை. அமெரிக்காவின் பெரிய லீக் 1984-ஆம் ஆண்டோடு மூடப்பட்டிருந்தது. இன்று நாம் டிவியில் பார்க்கும் எம்.எல்.எஸ். 1996-ல்தான் தொடங்கியது. நடுவில் பன்னிரண்டு வருட வெறுமை. நன்றாக ஆடத் தெரிந்த அமெரிக்கப் பையனுக்கு அந்நிய நாடு போவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. கலிஜூரி 1987-ல் ஜெர்மனி போனார். ஹாம்பர்க் பெரிய கிளப். அங்கே அவர் நிலைக்கவில்லை. மெப்பன் என்ற சிறிய ஊரின் இரண்டாம் பிரிவு அணிக்குப் போனார். பிள்ளைகள் கலிபோர்னியாவிலிருந்து சாக்கர் ஆட வருவார்கள் என்று அந்நாளில் ஜெர்மனியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. புது மொழி, புதுக் குளிர், நம்மை யாரென்று தெரியாத மனிதர்கள். ஊரை விட்டு வந்து பிழைத்த நம் அப்பா அம்மாமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1989 நவம்பர் 19. டிரினிடாட் நாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம். டிரினிடாடுக்குச் சமன் செய்தாலே போதும், இத்தாலிக்கு டிக்கெட். அமெரிக்கா ஜெயித்தே ஆக வேண்டும். 1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை அமெரிக்காவுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அமெரிக்க அணியோ 1950-க்குப் பிறகு ஒருமுறைகூட உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அன்று கோல் அடித்தது முன்வரிசை ஆட்டக்காரர் இல்லை. வழக்கமாகத் தற்காப்புப் பக்கம் ஆடும் கலிஜூரி, சுமார் 30 கஜ தூரத்திலிருந்து இடது காலால் உயர்த்தி அடித்த பந்து வலைக்குள் விழுந்தது. 1-0. நாற்பது வருடத்துக்குப் பிறகு அமெரிக்கா உலகக் கோப்பைக்குப் போனது. இந்த நாட்டு சாக்கர் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்த ஒரு கோலைத் தாண்டிப் போக முடியாது.

1990-ல் இத்தாலியில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் அமெரிக்கா 5-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலும் கலிஜூரி அடித்ததே. அதன்பின் ஹான்சா ரோஸ்டாக் அணிக்கு ஆடினார். ஜெர்மனி ஒன்றான நேரம் அது. கிழக்கு ஜெர்மனி லீக்கின் கடைசிப் பருவம் 1990-91. அதன் சாம்பியன் பட்டத்தை ரோஸ்டாக்தான் வென்றது. பிறகு ஃப்ரைபர்க், செயின்ட் பாலி. 1994-ல் நம் நாட்டிலேயே நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். எம்.எல்.எஸ். தொடங்கியதும் ஊர் திரும்பி, 2001 வரை லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு ஆடினார்.

இவ்வளவும் செய்த மனிதர் அதன்பின் எங்கே போனார் தெரியுமா? கால் பாலி பொமோனாவுக்கு. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் கோச்சாக. வால்நட்டுக்குப் பக்கத்து ஊர். அரசுப் பல்கலைக்கழகம், கல்லூரி விளையாட்டில் இரண்டாம் பிரிவு. டிவி வராது. ஸ்டேடியம் நிறையாது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் அறைத் தோழர்களும்தான். 2004-ல் அமெரிக்க சாக்கரின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது, அவருடைய அன்றாட வேலை அந்தக் கல்லூரி மைதானத்தில்தான் இருந்தது.

பொமோனாவில் அவர் தேசியக் கோப்பை எதுவும் வாங்கித் தரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "பெரிய ஆட்டக்காரர் வந்தார், எல்லாரையும் சாம்பியன் ஆக்கினார்" என்று முடிகிற சினிமாக் கதை இது இல்லை. அங்கே ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பட்டம் வாங்கி வேறு வேலைக்குத்தான் போயிருப்பார்கள். அப்படியானால் அவர் அங்கே செய்தது வீணா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கல்லூரிக் கோச் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். நம்மில் பலர் அவர் விசில் ஊதுகிறவர் என்றுதான் நினைக்கிறோம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே தன் மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. மீதி தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அந்த நான்கு வருடம்தான் அணியாக ஆடும் கடைசிக் காலம். கோச் அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் கோச். பதினெட்டு வயதில் முதல் தடவை வீட்டை விட்டு வந்த பிள்ளை காலை ஆறு மணிப் பயிற்சிக்கு எழுந்து வருகிறதா, கெமிஸ்ட்ரி பரீட்சையில் தேறுகிறதா, சாப்பிடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மதிப்பெண் சராசரி குறைந்தால் ஆட முடியாது. ஆகவே பேராசிரியரோடு பேசுவதும் அவர் தலையில்தான். ஆகஸ்ட்டில் தொடங்கி நவம்பர் வரை பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும். மற்ற மாதங்களில் உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் நின்று அடுத்த வருடத்துப் பிள்ளைகளைத் தேட வேண்டும்.

பணமும் அவர் கணக்குப் போட வேண்டியதே. இரண்டாம் பிரிவில் ஆண்கள் சாக்கர் அணிக்கு அதிகபட்சம் ஒன்பது முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் கொடுக்கலாம். அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. "சாக்கர் ஆடினா காலேஜ் ஃப்ரீ" என்று நம்பி வார இறுதி முழுவதும் கார் ஓட்டுகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காக இன்னொரு பெயர். ஏப்ரல் ஹெய்ன்ரிக்ஸ், 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் கேப்டன். முழங்கால் ஒத்துழைக்காததால் அந்தக் கோப்பைக்குப் பிறகு ஆட்டத்தை விட்டார். மேரிலாந்து, பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகங்களில் கோச்சாக இருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றபோது தலைமைக் கோச் அவரே. 1991-ல் அவர் முழங்காலைப் பார்த்தவர்கள் "இதோடு முடிந்தது" என்று சொல்லியிருக்கலாம்.

முழங்கால் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எலும்பு, மூட்டு வார்டில் வேலை பார்க்கிறேன். லிகமென்ட் கிழிந்து ஆபரேஷனுக்கு வரும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரே ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் காயம் அதிகம் வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருடம். மயக்கம் தெளிந்ததும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி, "எப்போ மறுபடி ஆடலாம்?" பெற்றோர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்பது, "ஸ்காலர்ஷிப் போயிடுமா?" இரண்டுமே நியாயமான கேள்விதான். ஆனால் சில பிள்ளைகளின் முகத்தில் நான் பார்ப்பது வலியைவிடப் பெரிய பயம். ஆட்டம் இல்லையென்றால் நான் யார் என்ற பயம். பத்து வருடமாக அதைத் தவிர வேறெதையும் அவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை நம் சபைக்கு வந்தால் நாம் என்ன சொல்லப் போகிறோம்? ஆட்டத்தை விட்டு வந்த தம்பியை "ஐயோ பாவம்" என்று நாம் சொல்வதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருப்பாள்?

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். அங்கிள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. உதவிக் கோச் சம்பளம் குறைவு. தம்பி அதோடு மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் வாடகை கட்டுகிறான். தோற்றுக்கொண்டே இருந்தால் தலைமைக் கோச் மாறுவார், அவரோடு உதவிக் கோச்சும் போக வேண்டி வரும். கல்யாணம், வீடு, இன்ஷூரன்ஸ் என்று யோசிக்கிற பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். "எப்படிப் பிழைப்பாய்?" என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். "எப்படி இதற்கு இறங்கினாய்?" என்று கேட்காதீர்கள். முதல் கேள்வியில் அக்கறை இருக்கிறது. இரண்டாவது கேள்வி அவன் அம்மாவைச் சமையலறைக்கு அனுப்பிவிடுகிறது.

இன்னொரு வாதமும் உண்டு. ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்பார்கள். முழு உண்மை. அதனால்தான் அது தனியாகக் கற்க வேண்டிய வேலை. அமெரிக்க சாக்கர் அமைப்பு அதற்கென்று அடிப்படைப் படிப்பிலிருந்து டி, சி, பி, ஏ என்று படிப்படியாக லைசென்ஸ் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ஆடி வந்தவனும் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். தம்பி என்னிடம் சொன்னான்: "அக்கா, பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடியே தோளுக்கு மேல திரும்பி ஒரு தடவை பாத்துக்குவேன். எத்தனையோ வருஷமா செய்யறேன். ஒரு பையன், எப்போ பாக்கணும், என்னத்தைப் பாக்கணும் கோச்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. ராத்திரி ரூம்ல உக்காந்து, நான் என்ன செய்யறேன்னு நானே எழுதிப் பாத்தேன்." தன் உடம்புக்குத் தெரிந்ததைப் பிறருக்குப் புரியும் வார்த்தை ஆக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

எனக்கு உடனே புரிந்தது. மூன்று வருடமாக எங்கள் வார்டில் நான் பிரிசெப்டர். புதிதாகப் பட்டம் வாங்கி வரும் நர்ஸுகளைக் கூட வைத்துப் பழக்குகிற பொறுப்பு. முழங்கால் ஆபரேஷன் முடிந்த நோயாளிக்குப் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் சரியா, உணர்வு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். என் விரலுக்கு அந்த நாடி சில நொடியில் கிடைத்துவிடும். புதுப் பெண் தடவித் தடவித் தேடுவாள். நெற்றியில் வியர்க்கும். என் கை துறுதுறுக்கும். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். நான் தொட்டுக் காட்டிவிட்டால் இன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும். நாளை ராத்திரி நான் இல்லாத ஷிஃப்டில் அவள் தனியாக நிற்கும்போது அந்த நோயாளிக்கு என்ன ஆகும்? கிடைத்துவிட்டது என்று அவள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் நானும் விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.

மைதானத்துக் கோட்டுக்கு வெளியே நிற்கிற கோச்சுக்கும் இதே நிலைதான். தான் அடித்தால் கோல் விழும் என்று தெரிந்தும், அடிக்காமல் நிற்க வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கோல் அடித்தவர், பொமோனாவில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் கோல்கம்பத்துக்கு மேலே அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அது எளிது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் தங்கள் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம்.

வேதத்தில் இதற்கு ஒரு ஆளைத் தேடினால் எனக்குப் பர்னபா ஞாபகம் வருகிறார். எருசலேமில் சீஷர் எல்லாரும் சவுலைப் பார்த்துப் பயந்தபோது, அவரைக் கையோடு கூட்டிப் போய் அப்போஸ்தலரிடம் நிறுத்தியவர் பர்னபா. பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, அவர் தர்சு வரை போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 11, 12, 13 அதிகாரங்களை இந்த வாரம் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதலில் பர்னபாவின் பெயர் முன்னால் வரும், சவுலின் பெயர் பின்னால். 13-ஆம் அதிகாரத்தின் நடுவில் அது மாறத் தொடங்குகிறது. பவுலின் பெயர் முன்னால் வருகிறது. பர்னபா அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிட்டதாக வேதத்தில் இல்லை.

15-ஆம் அதிகாரத்தில் இன்னொன்று நடக்கிறது. முதல் பயணத்தில் பாதியில் விட்டுப் போன மாற்குவை மறுபடி சேர்த்துக்கொள்ளப் பவுலுக்கு மனமில்லை. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அந்தப் பையனுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பல வருடம் கழித்து, தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்ற பொருளில் பவுலே எழுதுகிறார். மாற்கு பெயரால் ஒரு சுவிசேஷமே நம் கையில் இருக்கிறது. பர்னபாவின் பெயரால் வேதாகமத்தில் ஒரு புத்தகமும் இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டைப் புரட்டும்போது பவுலின் பக்கத்திலும் மாற்குவின் பக்கத்திலும் அவர் நிற்கிறார். அந்தக் காலத்தில் நம் சபையார் அங்கே காபி குடித்துக்கொண்டு நின்றிருந்தால், "பர்னபாவுக்குச் சரியா வரலியாப்பா?" என்றுதான் கேட்டிருப்போம்.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். இது வாலிபர் பத்திரிகை. வாலிபர்தான் முதலில் வாசிப்பார்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

நம் ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகள் வகுப்பை யார் எடுக்கிறார்கள்? நான் இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து அதே இரண்டு ஆன்ட்டிகள். அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் வளர்ந்து, வேத வினாப் போட்டியில் பரிசு வாங்கி, கீபோர்டு வாசித்து, கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பராகவும் ஞானியாகவும் நடித்து, கல்லூரி போகிறார்கள். அதோடு சரி. திரும்பி வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிந்ததும் காருக்குப் போய்விடுகிறார்கள். தங்கள் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அடுத்தது கல்யாணம், பிறகு தங்கள் பிள்ளையை அதே ஆன்ட்டிகளிடம் கொண்டு வந்து விடுவது.

நடுவில் ஒரு வேலை இருக்கிறது என்று நாம் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. மேடையில் பாடுகிற பிள்ளைக்குக் கை தட்டுகிறோம். பாடக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அறிவிப்பில்கூட வருவதில்லை. ரேங்க் வாங்கிய பிள்ளையை முன்னால் கூப்பிட்டு ஜெபிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணனை யாரும் கூப்பிடுவதில்லை. செய்கிறவன் பெரியவன், சொல்லிக் கொடுக்கிறவன் செய்ய முடியாமல் போனவன் என்ற கணக்கு நம் மனதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. தம்பியைப் பார்த்து நாம் "பாவம்" என்றது அந்தக் கணக்கிலிருந்துதான். பிள்ளைகள் அதைக் கவனித்துக்கொண்டே வளர்கிறார்கள். பிறகு ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஐயர் அறிவிக்கும்போது ஒரு கையும் உயராததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே மூன்று பேரிடம் மூன்று காரியம் கேட்கிறேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஏதாவது ஒன்றில் தேறினால், அடுத்த போட்டி எப்போது என்று கேட்பதோடு, "இதை யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போற?" என்றும் ஒருமுறை கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையால்கூட ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாட்டு சொல்லிக் கொடுக்க முடியும்.

கல்லூரி முடித்த வாலிபரே, நீங்கள் நன்றாகச் செய்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கீபோர்டு, கிட்டார், சவுண்ட் சிஸ்டம், தமிழ் வாசிப்பு, சாக்கர், எதுவானாலும் சரி. இரண்டே இரண்டு சின்னப் பிள்ளைகளை ஒரு வருடம் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வேண்டாம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோதும், கேட்டதை மற்றவர்களுக்குப் போதிக்கத் தகுந்த உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்கத்தான் சொன்னார். பெரிய கூட்டத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை.

மூன்றாவது, என் வயதுக்காரருக்கு. இது எனக்கே எழுதிக்கொள்வது. எட்டு வருடமாக வாலிபர் பாடகர் குழுவை நடத்துவது நான். எனக்கு அடுத்தது யார் என்று போன வாரம் என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வார்டில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தெரிந்த நான், சபையில் ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நானே சுருதி எடுத்து, நானே தாளம் போட்டு, யாராவது தவறினால் அவர்கள் பாகத்தையும் நானே பாடி நிரப்பியிருக்கிறேன். நன்றாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அதற்குத்தான்.

இந்த வருடம் கேரல் ரவுண்ட்ஸில் பாட்டு எடுத்துக் கொடுக்கப் போவது நான் இல்லை. பதினேழு வயதுத் தங்கை ஒருத்தியிடம் பேசியிருக்கிறேன். "அக்கா, நான் தப்பாச் சுருதி எடுத்துட்டா?" என்று பயப்படுகிறாள். எடுப்பாள். முதல் இரண்டு வீட்டில் நிச்சயம் தவறும். உங்கள் வீடு அந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் தயவுசெய்து என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள். அவளைப் பாருங்கள். நான் பின்வரிசையில் ஆல்டோ பாடிக்கொண்டிருப்பேன்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. உன் கல்லூரியின் அடுத்த சொந்த மைதான ஆட்டம் என்றைக்கு என்று எனக்கு மெசேஜ் அனுப்பு. சபையிலிருந்து இரண்டு வேன் நிறைய வர ஏற்பாடு செய்கிறேன். அந்த ஆன்ட்டியையும் அங்கிளையும் நானே கேட்டுவிட்டேன். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் ஓடுகிறவர்களில் யார் நம் பையன் என்று அவர்கள் கேட்டால், கோட்டுக்கு வெளியே நிற்கிறானே, அவன்தான் என்று உன் அம்மாவே காட்டட்டும்.

கற்றுக்கொண்டதைக் கைமாற்றிக் கொடுக்கும் மனதைக் கர்த்தர் நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென்.